சாலிம் சொன்னதும் நான் எழுதியதும்

மே 12, திங்கள்

இன்று முதல் ஆறு வாரம் சென்னையில் பயிற்சி. பெரிய மருத்துவமனை, ஏழாவது மாடி, வெளிநாட்டு நோயாளிகள் பிரிவு. பிரிவுத் தலைவர் பத்மஜா மேடம் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "தாரணி... சர்வதேச உறவுகள் மூணாம் வருஷம், கூட அரபியும் பிரெஞ்சும். ரெண்டும் சரளமா வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். டெல்லியில் எங்கள் வகுப்பில் இரண்டு மொழியிலும் நான்தான் முதலிடம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை.

அரபிக்கு இங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். செய்யது மசூது, மேலப்பாளையத்துக்காரர், வயது முப்பத்தைந்துக்குள். ஜித்தாவில் ஒரு கார் பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்து, காதால் கேட்டே கற்றுக்கொண்ட அரபி. இலக்கணம் என்ற ஒன்று இருப்பதாகவே அவர் நடந்துகொள்வதில்லை. ஆண்பால் பெண்பால் எல்லாம் அவர் இஷ்டம். ஓமானிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டார். பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இங்கே ஒரு விதி உண்டு. பயிற்சிக்கு வந்தவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. நான் நோயாளியிடம் கேட்டு எழுதினாலும் கீழே மசூதுதான் கையெழுத்துப் போடுவார். முதலிடத்துக்காரியின் தாளில் பட்டறைக்காரர் கையெழுத்து.

திருச்செங்கோட்டிலிருந்து அப்பா போன் செய்தார். ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் வண்டி சத்தீஸ்கருக்குப் போயிருக்கிறதாம். "ஏஞ்சாமி, சாப்ட்டியா? அரபிக்காரங்க பேசுறதெல்லாம் உனக்கு வெளங்குதா?"

"எல்லாம் வெளங்குதுப்பா."

மே 13, செவ்வாய்

புதுச் செருப்பு கடித்து இரண்டு குதிகாலிலும் கொப்புளம். விடுதி ரசத்தில் புளி மட்டும்தான் இருக்கிறது.

மே 15, வியாழன்

நல்ல நாள். கேமரூனிலிருந்து மூட்டு அறுவை சிகிச்சைக்கு வந்திருக்கும் கிளோதில் என்ற அம்மாளுக்கு நாள் முழுக்க நான்தான் பிரெஞ்சில் பேசினேன். நீ பாரிசில் வளர்ந்தவளா என்று கேட்டார். திருச்செங்கோடு என்றேன். அது பாரிசிலிருந்து எவ்வளவு தூரம் என்றார். பத்மஜா மேடம் எல்லார் முன்னாலும், "பாருங்க, இதுதான் முறையாப் படிச்சதுக்கும் சும்மா பேசறதுக்கும் வித்தியாசம்" என்றார். மசூது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். உண்மையில் கவனித்தேன், எனக்குப் பிடித்திருந்தது.

நான்காம் ஆண்டை துனிசில் படிக்க எங்கள் வகுப்பிலிருந்து ஒருவருக்கு இடம் உண்டு. தெருவில் அரபி, அலுவலகத்தில் பிரெஞ்சு. என் படிப்புக்கென்றே யாரோ கட்டிவைத்த ஊர் மாதிரி. அதற்குப் பயிற்சி பெற்ற இடத்திலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் ஜூன் 13க்குள் போய்ச் சேர வேண்டும். பத்மஜா மேடம் தருவார்.

விண்ணப்பக் கட்டுரையில், 'நான் இரண்டு உலகங்களுக்கு நடுவே ஒரு பாலம்' என்று எழுதினேன். வகுப்பில் எல்லோரும் பாலம் என்றுதான் எழுதித் தொலைப்பார்கள். 'கதவு' என்று மாற்றினேன். கதவைச் சாத்தவும் செய்வார்களே என்று தோன்றியது. மறுபடி பாலம்.

மே 20, செவ்வாய்

இன்று முதல்முறையாக ஓர் அரபி நோயாளியை நான் தனியாகப் பார்த்தேன். மசூது வேறொருவருடன் டயாலிசிஸ் அறையில் இருந்தார்.

சாலிம், ஐம்பத்தெட்டு வயது, ஏமன் நாட்டின் ஹள்ரமவுத் கடற்கரைக்காரர். சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். பித்தப்பையில் கல், நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. கூட மனைவி. அவர்கள் வழக்கப்படி மூத்த மகன் பெயரைச் சொல்லி, அவத்தின் அம்மா என்ற பொருளில் 'உம் அவத்' என்றுதான் கூப்பிட வேண்டும். இது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதில் அவர்களுக்குச் சந்தோஷம்.

டாக்டர் செங்குட்டுவன் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா, முன்பு ஏதாவது அறுவை சிகிச்சை நடந்ததா, இதயக் கோளாறு உண்டா, தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா. நான் எல்லாவற்றையும் அழகாகக் கேட்டேன். சாலிம் நிறையப் பேசுகிறவர். கடற்கரைப் பேச்சு, சொற்களைப் பாதியில் விழுங்குகிறார். கடல், படகு, இரண்டு வருஷம், முகல்லா நகரம் என்று ஏதோ பெரிய கதை. நடுவில் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது அரபிகளின் மரியாதை வழக்கம். நன்றி சொல்லும்போதும் வணங்கும்போதும் நெஞ்சைத் தொடுவார்கள், இரண்டாம் செமஸ்டரில் கலாசாரப் பாடத்திலேயே உண்டு. நானும் என் நெஞ்சைத் தொட்டுத் தலை தாழ்த்தினேன். மனிதர் மகிழ்ந்துபோனார்.

"என்னம்மா சொல்றார்?" என்று டாக்டர் கேட்டார்.

"கடல் தொழில் பத்திச் சொல்றார் டாக்டர். இறைவன் புண்ணியத்துல நல்லா இருக்கேங்கிறார்."

"மாத்திரை?"

"இல்லை டாக்டர்."

மசூது வந்து படிவத்தைப் பார்த்தார். "எல்லாம் கேட்டாச்சா தங்கச்சி? மாத்திரையப் பத்தி ரெண்டு தரம் கேட்டியளா? ஏமன்காரங்க பேச்சு கொஞ்சம் கஷ்டம், எனக்கே சட்டுனு பிடிபடாது."

"கேட்டாச்சுண்ணா. ஈசியான கேஸ்தான்."

சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி டயாலிசிஸ் அறைக்கு ஓடினார். மாலையில் துணி துவைக்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. கொஞ்சம் தலைவலி.

மே 22, வியாழன்

விடுதி மொட்டைமாடிக் கொடியில் இன்று என் முறை. நாலு சுடிதார், ஒரு போர்வை.

சாலிமுக்குக் காலையில் அறுவை சிகிச்சை முடிந்தது. இரண்டு மணிக்கு மேல் ரத்தக் கசிவு நிற்கவில்லை என்று மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். உம் அவத் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். சில உடம்புக்கு அப்படி ஆகும் என்று நர்ஸ் சொன்னார். சில உடம்புக்கு அப்படி ஆகும்.

மே 23, வெள்ளி

சாலிம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றியாகிவிட்டது.

மசூது உம் அவத் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பேசினார். அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மசூது அதை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"ரெண்டு வருஷம் முந்தி படகுல போகையில நெஞ்சு வலி வந்துருக்கு. முகல்லாவுல ஆஸ்பத்திரில, அடைச்ச ரத்தக் குழாய்ல ஸ்டென்ட் வச்சிருக்காவ. ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை. அறுவைக்கு அஞ்சு நாள் முந்தியே நிறுத்திருக்கணும். மொத நாளே சொன்னோமேன்னு அந்த அம்மா சொல்லுதாவ."

நகல் எடுக்க வேண்டிய தாள்கள் இருந்தன. கீழே போய்விட்டேன்.

மே 24, சனி

பத்மஜா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். மசூதும் இருந்தார்.

"படிவத்துல மருந்து இல்லைன்னு இருக்கு. மசூது கையெழுத்து இருக்கு. ஆனா கேட்டது தாரணின்னு சொல்றார். நீதான் கேட்டியா?"

"ஆமா மேடம்."

"மாத்திரை பத்தி அவர் சொன்னாரா?"

"சொல்லலை மேடம். கடலைப் பத்திதான் பேசினார்."

மசூது என்னைப் பார்த்தார். நான் மேடத்தின் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பச்சை இலை இருக்கிறது, அசல் இலையா பிளாஸ்டிக்கா என்று தெரியவில்லை.

மே 26, திங்கள்

மசூதை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் 6 காலையில் விசாரணைக் குழு கூடி முடிவு செய்யும். அவர் ஒப்பந்த ஊழியர், நிரந்தரம் இல்லை. கூட இல்லாமலே கையெழுத்துப் போட்டதுதான் குற்றம் என்றார் மேடம். அது உண்மைதானே. கூட இல்லாமல் கையெழுத்துப் போட்டது தப்புத்தான். விதி என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

முதல் செமஸ்டரில் எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார்: யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதாத ஒப்பந்தம்தான் நெடுநாள் நிற்கும் என்று. அதைப் பரீட்சையில் எழுதிப் பதினாறு மதிப்பெண் வாங்கினேன்.

மே 27, செவ்வாய்

சாலிம் கண் விழித்துவிட்டார். அப்பாடா. ஒன்றும் ஆகவில்லை. இனி யாருக்கும் ஒன்றும் இல்லை.

மே 29, வியாழன்

அரபி நோயாளிகள் எல்லோரும் இப்போது என் தலையில். ஓமான்காரர்கள் பேசுவது பாதிக்கு மேல் விளங்குகிறது. மீதிக்கு முகத்தைப் பார்த்துச் சமாளிக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவைத் தாண்டிப் போக வேண்டாம் என்று லிப்டை விட்டுவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டில் ஏறுகிறேன். குதிகால் கொப்புளம் உடைந்துவிட்டது.

மேடம் ஒரு தாள் கொடுத்தார். "தினசரி மருந்து பற்றிய விவரத்தை நாங்கள் மருத்துவமனைக்குத் தெரிவிக்கவில்லை" என்று சாலிம் குடும்பத்தார் எழுதித் தருவதாக ஒரு வாசகம். அதை அரபியில் எழுதி அந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதினேன். எழுத்து அரபி எனக்குக் கை வந்த கலை. ஒரு பிழை இல்லை. எங்கள் பேராசிரியர் பார்த்திருந்தால் வகுப்பில் படித்துக் காட்டியிருப்பார்.

உம் அவத் அதை நிதானமாகப் படித்தார். இரண்டாவது தரமும் படித்தார். பிறகு தாளை நான்காக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

மே 30, வெள்ளி

அப்பா சத்தீஸ்கரிலிருந்து பேசினார். ரிக் வண்டி ஆட்கள் எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "எங்க புள்ள ஆஸ்பத்திரில அரபிக்காரங்களுக்கே டாக்டர் சொல்றத எடுத்துச் சொல்லுது. நம்மாளுங்க கேக்கட்டும், ரெண்டு வார்த்தை அரபில பேசு சாமி."

பேசினேன். கை தட்டினார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். துனிஸ் கட்டுரையைச் செம்மை செய்யலாம் என்று உட்கார்ந்தேன். செய்யவில்லை.

ஜூன் 2, திங்கள்

மசூது போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த மனுசன் சொன்னாரா, இல்லையா?"

"எனக்கு ஞாபகம் இல்லண்ணா."

"ஞாபகம் இல்ல. சரி." வைத்துவிட்டார்.

அது பொய் இல்லை. புரியாத ஒன்றை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்?

இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

எழுதிவிடுகிறேன். என் நோட்டில் என்னிடமே மறைத்து என்ன ஆகப்போகிறது.

சாலிம் சொன்னதில் எனக்குப் பிடிபட்டவை கடல், படகு, இரண்டு வருஷம், முகல்லா, 'இறைவனுக்கே புகழ்'. அவ்வளவுதான். நடுவில் இருந்தது முழுக்க எனக்கு வெறும் இரைச்சல். மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்ற என் கேள்வி அவருக்குப் புரிந்தது. அவர் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். பேச்சு ஆரம்பித்த அரை நிமிஷத்திலேயே தெரியும். காது இரண்டும் சூடாகிவிட்டது. அப்புறம் நான் கேட்கவே இல்லை, கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் தலையாட்டினேன்.

எங்கள் வாய்மொழித் தேர்வு அப்படித்தான். எதிரில் இருப்பவர் பேசுவது விளங்கவில்லை என்றால் நிறுத்தக் கூடாது. தெரிந்த நாலு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். 'மன்னிக்கவும், புரியவில்லை' என்று சொன்னால் அங்கேயே மதிப்பெண் போச்சு. மூன்று வருஷமாக அதில் எனக்கு முழு மதிப்பெண். ஆனால் பழியைத் தேர்வின் மேல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. அதே தேர்வை எழுதிய முப்பது பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாரும் ஒரு மனிதரின் வயிற்றில் கத்தி வைக்கும் முன் 'மாத்திரை இல்லை' என்று எழுதவில்லை.

அந்த நெஞ்சு. அவர் கையை நெஞ்சில் வைத்தது மரியாதைக்கு இல்லை. ஸ்டென்டை இங்கேதான் வைத்தார்கள் என்று இடத்தைக் காட்டியிருக்கிறார். நெஞ்சைத் தொட்டு, விரலை மணிக்கட்டிலிருந்து மேலே ஓட்டி, அதை வைக்க உள்ளே விட்ட குழாய் போன வழியைக்கூடக் காட்டினார். அதை நான் இந்த நோட்டில் எழுதவில்லை. மணிக்கட்டைத் தொட்டது எந்தக் கலாசாரப் பாடத்திலும் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். அரபி ஒரு சொல் தெரியாத எங்கள் ரிக் வண்டி டிரைவர் அங்கே நின்றிருந்தால்கூட அவருக்கு விளங்கியிருக்கும். நான் என்ன செய்தேன்? பதிலுக்கு என் நெஞ்சைத் தொட்டுத் தலை தாழ்த்தினேன்.

அப்புறம் ஈசியான கேஸ் என்று மசூதிடம் சொன்னேன். அவர் கேட்டபோதாவது, சரியா விளங்கலண்ணா, ஒரு தரம் வந்து கேளுங்க என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. அவரிடமா, அரபியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரிடமா போய்ச் சொல்வது என்று இருந்தது. இதுதான் உண்மை. மாத்திரை விஷயத்தைவிட இதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளை மறுநாள் குழு.

ஜூன் 5, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்து, பஸ்ஸில் மாற்றி, ஏழாவது மாடியில் மறுபடி முடிவு செய்தேன். பத்மஜா மேடம் பையை வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து சொன்னால் அழுதுவிடுவேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். நின்றும் அழுதேன்.

"அன்னிக்கு நேராக் கேட்டேனே, ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு மேடம்."

"வெட்கமா?" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு மனுஷன் ஐசியுல கிடந்தார். இன்னொருத்தர் வேலை நாளைக்குப் போயிருக்கும். அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு நான் எழுதி வச்சிருக்கேன். உனக்கு வெட்கமா இருந்துச்சு."

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"துனிசுக்கு நான் கடிதம் தர முடியாது. உங்க பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை அப்படியே எழுதுவேன். புரியுதா?"

தலையாட்டினேன். பிறகு, "புரியுது மேடம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

டாக்டர் செங்குட்டுவன் கோபப்படவில்லை. அதுவே தாங்கவில்லை. "நானும் அவ்வளவு பேச்சுக்கு ஒத்த வரி பதிலான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்" என்றார். குடும்பத்தாரிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், நாளை மதியம் சொல்லலாம் என்றார். யார் மொழிபெயர்ப்பது? மசூதை இதற்காக வரச் சொல்வது நியாயம் இல்லை என்றார் மேடம். டாக்டர் என்னைப் பார்த்தார். சரி என்றேன்.

மசூதுக்கு மூன்று தரம் அடித்தேன். நாலாவது தரம் எடுத்தார்.

"அண்ணா, அவர் சொன்னார். எனக்குத்தான் விளங்கல. மேடத்துகிட்ட சொல்லிட்டேன்."



"தெரியும் தங்கச்சி. அந்த அம்மா மாத்திரையக் காட்டுன அன்னைக்கே தெரியும். நீங்க வாயத் தொறக்குதியளான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். பத்து நாளா வீட்ல வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு, பள்ளிவாசல்ல போய் உக்காந்துட்டு சாயங்காலம் வாரேன். பொண்டாட்டி கட்டிக் குடுக்க சோத்த அங்கயே வச்சுத் தின்னேன். அதயெல்லாம் நீங்க சாரின்னு சொல்லி எடுத்துற முடியாது."

சாரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

குழு பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மசூதை எச்சரித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதிய அந்தப் பிழையில்லாத அரபித் தாளை மேடம் என் கண் முன்னால் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். என் பயிற்சி இன்றோடு முடிந்தது.

மூன்று மணிக்கு டாக்டரும் நானும் சாலிம் அறைக்குப் போனோம். அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. உம் அவத் சிரிக்கவில்லை.

டாக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க மாத்திரை பத்தி முதல் நாளே சொல்லியிருக்கீங்க. எங்க பக்கம் தகவல் பரிமாற்றத்துல ஒரு குறை நடந்துபோச்சு. அதுக்காக மன்னிப்புக் கேக்கறோம்" என்றார்.

நல்ல வாக்கியம். தகவல் பரிமாற்றத்தில் ஒரு குறை. அதை அப்படியே அரபியில் சொல்ல எனக்குத் தெரியும், அந்தச் சொற்கள் எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. யார் என்றே தெரியாத குறை. நான் கதவோரம் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, "நீங்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. புரிந்தது என்று பொய் சொன்னேன். பிறகு நீங்கள் சொல்லவே இல்லை என்றும் பொய் சொன்னேன்" என்றேன். மொழிபெயர்ப்பவர் 'நான்' என்றால் அது பேசுகிறவரைத்தான் குறிக்கும், எங்கள் தொழிலில் அப்படித்தான். உம் அவத் சட்டென்று டாக்டர் பக்கம் திரும்பினார். கண்ணில் அவ்வளவு கோபம். டாக்டர் திகைத்துப் போனார். "அவர் இல்லை. நான். தாரணி" என்றேன். ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, திருத்தாமல் விட்டேன்.

சாலிமின் சிரிப்பு மெல்லப் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உம் அவத் பேச ஆரம்பித்தார். வேகமாக, கடற்கரைப் பேச்சில், நிறுத்தாமல். கணவரைக் காட்டினார், என்னைக் காட்டினார், கதவைக் காட்டினார்.

"புரியவில்லை" என்றேன். "மறுபடி சொல்லுங்கள்."

மறுபடி சொன்னார். பாதி வந்தது. "இன்னும் ஒரு தரம்" என்றேன். காது சூடாகத்தான் செய்தது. மூன்றாவது தரம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். முழுவதும் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

அவரைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்: "அன்னைக்கு வெளியில வந்ததும், மாத்திரை விஷயத்தை இன்னொரு தரம் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்னு நான் திரும்பினேன். கதவுவரைக்கும் வந்துட்டேன். இவர்தான் கையைப் பிடிச்சுத் தடுத்தார். வேண்டாம், அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கவனமா கேட்டுக்கிட்டா, ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினா, நாம மறுபடி போய்ச் சொன்னா அவளுக்கு ஒண்ணும் புரியலைன்னு நாம நினைச்ச மாதிரி ஆயிடும், பாவம், டாக்டர் முன்னால அவளுக்கு வெட்கமா இருக்கும்னு சொன்னார்."